ஞாயிற்றுக்கிழமையும் இல்லத்துக் கைவேலையும்

வாரத்தில் பல நாள் பிறர் பணியைச் செய்து, எஞ்சிய நாளில் நம் வீட்டுப் பணியைச் செய்வது நகர வாழ்க்கையின் இயல்பாகிவிட்டது. தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் சாம்செட்பூரிலும் வாழும் நம் இல்லங்களில் இவ்வியல்பு மேலும் தெளிவாகத் தோன்றும். ஞாயிறு காலையில் ஒருவர் மின்விசிறியைத் துடைப்பார். மற்றொருவர் மாவு அரைப்பார். குழந்தைகள் பழைய பெட்டியை உடைத்துப் புதிய அலமாரி செய்ய முற்பட்டு, வீடெங்கும் மரத்தூளை இறைப்பார்கள். இவை வரலாற்றில் இடம்பெறத் தக்க செய்திகளா என்று சிலர் ஐயுறலாம். அரசர் போரும் அரண்மனையும் மட்டுமே வரலாறு என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. அடுப்புக்கும் ஆட்டுக்கல்லுக்கும் தையல் ஊசிக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தால், நம் வீட்டில் இன்று யார் உழைக்கிறார், யார் ஓய்கிறார் என்பதும் நமக்கு விளங்கும்.

முதலில் ஞாயிறு விடுமுறை நமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதைக் காண்போம்.

பழந்தமிழ் நாட்டு வாழ்க்கையில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளாக இருந்ததில்லை. உழவனின் ஓய்வைப் பருவம் முடிவு செய்தது. தச்சரும் கொல்லரும் கொற்றரும் அமாவாசையன்று கருவியைத் தொடாதிருந்தனர். ஆடவர் புதனிலும் சனியிலும், பெண்டிர் செவ்வாயிலும் வெள்ளியிலும் எண்ணெய் தேய்த்து நீராடினர். திருவிழாவும் திருமணமும் வந்தபோது வேலை நின்றது. எல்லார்க்கும் ஒரே நாளில் ஓய்வு என்ற முறை, கடிகாரத்தோடும் அலுவலகத்தோடும் ஆலையோடும் வந்ததாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அரசாங்க அலுவலகங்களுக்கு ஞாயிறு விடுமுறை இருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிக்கோ அது இல்லை. பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரை அவன் பொறியோடு நின்றான். 1884-ஆம் ஆண்டு நாராயண் மேகாஜி லோகண்டே என்னும் பெருமகனார் பம்பாய் ஆலைத் தொழிலாளரைக் கூட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், நண்பகலில் அரைமணி நேர இடைவேளையும் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதினார். அதில் ஏறத்தாழ 5,500 தொழிலாளர் ஒப்பமிட்டனர். ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1890 ஏப்ரல் மாதத்தில் ஏறக்குறைய 10,000 தொழிலாளர் ஒரு கூட்டத்தில் திரண்டனர். அக்கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர் என்பது நாம் மறவாது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டு, 1891-இல், தொழிற்சாலைச் சட்டமும் வார விடுமுறையை ஏற்றது. 1942-இல் கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிவோரை முன்னிட்டு வார விடுமுறைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அவ்வுரிமையை மேலும் உறுதி செய்தது. 1985-இல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வந்தபோது சனிக்கிழமையும் பலருக்கு வீட்டு நாளாயிற்று.

ஆகவே, நாம் காலையில் சற்று அயர்ந்து உறங்கும் ஞாயிறு இயற்கையாக வந்ததன்று. அதனைப் பெறுதற்குப் பம்பாயில் பஞ்சுத் தூசியிடையே நின்ற மக்கள் ஆறு ஆண்டுகள் போராடினர். இந்த விடுமுறை ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வந்தது, சமையலறைக்கு வந்ததா? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தமிழர் வடபுலம் புகுந்து சிறு குடும்பங்களாக வாழத் தலைப்பட்டதும் இக்காலத்தை ஒட்டியதே. 1896-இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கிற்று. நெருக்கமும் இருளும் நிறைந்த குடியிருப்புகளே நோய்க்கு நிலைக்களம் என்று கருதி, 1898-இல் நகரச் சீரமைப்புக் கழகம் ஒன்றை நிறுவினர். அக்கழகம் வகுத்த தாதர்-மாதுங்கா திட்டத்தால் எழுந்த அகன்ற தெருக்களிலும் காற்றோட்டமான வீடுகளிலும் தென்னாட்டார் பலர் குடியேறினர். 1932-இல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. தில்லியின் கதை வேறு. 1911 டிசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. கல்கத்தாவில் இருந்த அலுவலகங்கள் மறு ஆண்டு முதல் தில்லிக்கு வந்தன. 1931-இல் புதுதில்லி திறந்து வைக்கப்பட்டது. கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி என்று அரசாங்கம் மாறி மாறிக் குடியேறிய நாட்களில், கணக்கரும் சுருக்கெழுத்தாளருமாகிய தமிழர் குடும்பங்களும் மூட்டை முடிச்சுகளுடன் ஏறியிறங்கின. அவர்கள் குழந்தைகளுக்கென 1923-இல் தொடங்கிய பள்ளியே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளாகக் கிளைத்து நிற்கிறது.

இக்குடும்பங்களின் தனித்தன்மை ஒன்றுண்டு. ஊரில் மாமியாரும் நாத்தனாரும் அத்தையும் பாட்டியும் கூடிச் செய்த வேலையை, இங்கே இருபது வயதுப் பெண் ஒருத்தி தனியே செய்ய நேர்ந்தது. ஊரில் தச்சர், கொல்லர், வண்ணார், ஈயம் பூசுவோர் என்று வீட்டைத் தாங்கி நின்றவர் பலர். இங்கே மொழி தெரியாத தெருவில் அவர்களைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. எனவே கணவனும் மனைவியும் தாமே தச்சராய், தாமே கொற்றராய் மாற வேண்டியவராயினர். பிரசவ காலத்தில் ஊரிலிருந்து அன்னை வந்து சேரும் வரை, அடுப்பின் அருகே ஒருநாளும் சென்றறியாத கணவனும் இரசம் வைக்கக் கற்றுக்கொண்டான். கட்டாயத்தால் கற்றதேயாயினும் அது நற்கல்வியே.

அடுப்பிலிருந்து தொடங்குவோம். தமிழகத்தில் விறகடுப்பில் பழகியவர்கள் வடநாட்டில் கரியடுப்பைக் கண்டனர். அதனை அங்கீட்டி என்று இங்குள்ளோர் வழங்குவர். நம் ஊர்க் குமுட்டி அடுப்புக்கு அது உறவு. கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்துகொள்வதே பலர்க்கும் வழக்கமாயிருந்தது. ஓட்டை விழுந்த இரும்பு வாளியை எடுத்து, அடியில் காற்றுப் புக ஒரு வாயில் வெட்டி, நடுவில் இரும்புக் கம்பிகளைச் சல்லடைபோல் செருகி, உட்புறம் களிமண்ணை வைக்கோல் துணுக்கோடு குழைத்துப் பூசுவர். நிழலில் மெல்ல உலர்த்தாவிடில் மண் வெடித்துப்போகும். கரித்தூளை வீணாக்காமல் களிமண்ணோ சாணமோ கலந்து உருண்டைகளாகப் பிடித்து வெயிலில் காய வைப்பதும் விடுமுறை நாளின் வேலைகளுள் ஒன்று. வங்காளத்தில் இவ்வுருண்டைக்குக் குல் என்று பெயர். குழந்தைகளுக்கு அது மண் விளையாட்டு; வீட்டுக்கு அது எரிபொருட் சிக்கனம். ஆனால் மூடிய அறையில் கரி எரிந்தால் மணமற்ற நச்சுவளி எழும். குளிருக்கு அஞ்சிக் கதவை அடைத்து அடுப்பைப் பக்கத்தில் வைத்துறங்கி உயிரிழந்தவர்களின் செய்தி வடநாட்டில் குளிர்காலந்தோறும் இன்றும் வருவதை நாம் காண்கிறோம்.

அடுப்பின் முன் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் கல்கத்தாவில் ஒரு மருத்துவர் உள்ளத்தில் எழுந்தது. இந்துமாதவ மல்லிக் என்னும் அப்பேரறிஞர் 1910-ஆம் ஆண்டில் இக்மிக் குக்கர் என்ற கருவியை அமைத்தார். கீழே சிறிது கரி நெருப்பு; மேலே நீர் நிறைந்த உறை; அதனுள் அடுக்கடுக்காகச் சோறும் பருப்பும் காயும். நெருப்பு மூட்டி வைத்துவிட்டு அலுவலகம் சென்றாலும் உணவு தானே வெந்திருக்கும். தனித்து வாழ்ந்த அலுவலர்க்கும் மாணவர்க்கும் அது அன்னைபோல் உதவிற்று. பின்னர் வந்தது அழுத்தக் குக்கர். இதன் மூலக் கருத்தை 1679-லேயே தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சு அறிஞர் இலண்டனில் செய்து காட்டினார். மூடிய கலத்துள் ஆவியின் அழுத்தம் மிகுந்தால் நீர் 100 டிகிரியில் கொதியாமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறும். பருப்பு விரைந்து குழையும். 1959-ஐ ஒட்டி நம் நாட்டிலேயே அழுத்தக் குக்கர்கள் செய்யப்பட்டுக் கடைக்கு வந்தன. 1955-இல் பம்பாயிலும், 1965-இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் வாயிலாகக் கல்கத்தாவிலும் சமையல் வாயு உருளைகள் வீடுகளுக்கு வரத் தொடங்கின. கரியும் புகையும் படிப்படியாக நகர வீடுகளை விட்டு நீங்கின. வாளி அடுப்புப் பூசும் வேலை மறைந்தது. குக்கரின் இரப்பர் வளையத்தை மாற்றுவதும், அடைப்பானைக் கழுவுவதும், வாயுக் குழாயில் வெடிப்பு உண்டா என்று சோப்பு நீர் தடவிப் பார்ப்பதும் அதனிடத்தைப் பெற்றன.

அடுப்புக்கு அடுத்தது கல். தமிழர் எங்குச் சென்றாலும் இட்டலி மாவு உடன் சென்றது. அதற்காக ஆட்டுக்கல்லும் இரயிலேறிற்று. ஆட்டுக்கல்லைத் தூக்கிவரும் சுமைகூலியைக் கேட்டு மனம் தளர்ந்தவர் பலர். எனினும் விட்டுவிட்டு வந்தவர் சிலரே. சனிக்கிழமை இரவு ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் ஞாயிறன்று அரைப்பது ஒரு சடங்குபோல் நடந்தது. குழவியைச் சுற்றும் கை சலித்தால், மாவைத் தள்ளிவிடும் கை அதனை ஏற்கும். இருவர் எதிரெதிரே அமர்ந்து அரைத்தால் வேலையோடு பேச்சும் நடக்கும். தில்லியின் குளிர்காலத்தில் வேறொரு தொல்லை உண்டு. மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் நன்கு பெருகும். இரவு வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும் ஊரில் மாவு மூன்று நாளாயினும் அசையாதிருக்கும். அதற்கு நம்மவர் கண்ட வழிகள் பல. மாவுக் கலத்தைக் கம்பளியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தனர். பஞ்சு மெத்தைகளின் நடுவே புதைத்தனர். அணைந்த அடுப்பின் இளஞ்சூட்டில் நிறுத்தினர். எந்தப் பள்ளியிலும் படியாமல் வெப்பக் காப்பு என்னும் அறிவியலைக் குடும்பப் பெண்கள் கையாண்டார்கள்.

1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கல்லை அமைத்தார். ஆட்டுக்கல்லில் உரல் அசையாது, குழவி சுழலும். மின் ஆட்டுக்கல்லில் உரல் சுழல, குழவி ஓரிடத்தில் நிற்கும். இவ்வொரு மாற்றத்தால் பல மணி நேரத் தோள்வலி நீங்கிற்று. கோவை மாவரைப்பான் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும். 1960-களில் மும்பையில் பொறியாளர் சத்யபிரகாஷ் மாத்தூர், தம் மனைவி வைத்திருந்த வெளிநாட்டு அரைப்பான் பழுதுற்றதைக் கண்டார். நம் நாட்டு மஞ்சளையும் மிளகையும் தேங்காயையும் அரைக்கும் வலிமை அதற்கு இல்லை என உணர்ந்து, சுமீத் என்ற மிக்சியை உருவாக்கினார். வீட்டில் எழுந்த ஒரு தேவை பெருந்தொழிலாய் வளர்ந்ததற்கு இது நல்ல சான்று.

இவ்விடத்தில் தையற் பொறியையும் நினைத்தல் தகும். 1924-ஆம் ஆண்டு தில்லியில் காந்தியடிகள் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பு நோற்ற காலத்தை ஒட்டி, சாந்திநிகேதன மாணவராகிய இராமச்சந்திரன் அவரைக் கண்டு, பொறிகள் அனைத்தையுமே தாங்கள் வெறுக்கின்றீர்களா என்று வினவினார். அடிகள் அவ்வாறில்லை என்று மறுத்துச் சிங்கர் தையற் பொறியை எடுத்துக்காட்டாகக் கூறினார். மனைவி தன் கையால் தைத்துத் தைத்து அல்லலுறுவதைக் கண்டு, அன்பினால் ஒருவன் செய்த பொறி அது. ஆதலின் அது வரவேற்கத் தக்கது என்பது அவர் கருத்து. மனித உழைப்பை விரட்டும் பொறி வேறு, மனிதத் துன்பத்தைக் குறைக்கும் பொறி வேறு என்று அவர் பிரித்துக் கண்டார். அம்மாணவரே பிற்காலத்தில் தம் துணைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

நூற்பும் அவ்வாறே வீட்டு வேலையாயிற்று. 1930-இல் எரவாடாச் சிறையில் இருந்தபோது காந்தியடிகள் பெட்டிக்குள் மடக்கி வைக்கத்தக்க இராட்டையைச் செம்மை செய்தார். பயணத்திலும் எடுத்துச் செல்லலாம் என்பதால் ஊர் மாறி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது ஏற்றதாயிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில், வீட்டில் வைத்து இயக்கத்தக்க சிறந்த இராட்டையை அமைப்பவர்க்கு ஒரு இலட்சம் ரூபாய்ப் பரிசு என அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்திருந்தது. நாடு விடுதலை பெற்றபின் தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் அமைத்த இராட்டை, அவர் பெயரின் நடுப்பகுதியைத் தாங்கி அம்பர் சர்க்கா என்று நாடெங்கும் வழங்கலாயிற்று. வடநாட்டுச் சிற்றூரில் அம்பர் என்று சொல்பவர்க்கு அது ஒரு தமிழரின் பெயர்த்துண்டு என்று தெரிந்திராது. நாம் அறிந்து சொல்வோமாக.

பெயரைப் பற்றிப் பேசும்போது மற்றொன்று நினைவிற்கு வருகிறது. தில்லியின் வைகாசி வெயிலில் வீட்டைக் குளிர்விக்கும் வேலை ஏப்ரல் மாதத்து ஞாயிறுகளில் தொடங்கும். வாயிலிலும் பலகணியிலும் தட்டி கட்டி அதன்மேல் நீர் தெளிப்பது இங்குள்ள பழைய முறை. அக்பரின் அவைப் புலவர் அபுல் ஃபசல் எழுதிய ஆயினி அக்பரியிலேயே கஸ் வேர்த் தட்டிகளில் நீர் தெளித்துக் கோடையைக் குளிராக்கிய செய்தி காணப்படுகிறது. கஸ் என்று வடவர் வழங்குவது நம் வெட்டிவேரே. ஐரோப்பிய மொழிகளில் அதற்கு வழங்கும் பெயரும் வெட்டிவேர் என்ற நம் தமிழ்ச்சொல்லின் திரிபேயாகும். அவ்வேரின் நறுமணம் கமழும் காற்றில் அமர்ந்திருக்கையில், அதன் பெயர் தமிழகத்திலிருந்து உலகெங்கும் சென்றதை எண்ணி மகிழலாம்.

பின்னர் இரும்புப் பெட்டியும் விசிறியும் நீரிறைக்கும் சிறு பொறியும் சேர்ந்த குளிரூட்டி வந்தது. மூன்று புறமும் வேரையோ மரச்சீவலையோ அடைத்து நனைத்தால், வறண்ட காற்று அதனூடே புகும்போது நீர் ஆவியாகும். ஒரு லிட்டர் நீரைப் பனியளவு குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம், அந்நீர் ஆவியாவதற்கு வேண்டும். அவ்வெப்பத்தைக் காற்று தருவதால் காற்று குளிர்கிறது. மும்பையிலும் சென்னையிலும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் இக்கருவி அங்கே பயன் தருவதில்லை. தில்லியிலும் ஆடி மழை வந்தபின் அதன் ஆற்றல் குன்றும். பெட்டியின் துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவதும், பழைய அடைப்பை அகற்றிப் புதியதைக் கட்டுவதும் தந்தையும் மைந்தரும் கூடிச் செய்யும் வேலை. நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் இருப்பதால் நில இணைப்பு இன்றியமையாதது. வாரம் ஒருமுறை தொட்டி நீரை முற்றும் வடித்து உலர்த்துதலும் வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைய ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். ஞாயிறுதோறும் தொட்டியைக் கழுவுவோர் இல்லத்தில் அக்கொசு வளர்வதற்குள் அழியும்.

ஆவணியும் புரட்டாசியும் வந்தால் வீட்டுச் சுவர்களின் நினைவு எழும். சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீரில் இடும்போது அது கொதித்துப் பொங்கும். குழந்தைகளை எட்ட நிறுத்த வேண்டும், கண்ணில் தெறித்தால் பார்வை கெடும். நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டிச் சிறிது கஞ்சியோ பசையோ சேர்த்து, வெண்மை தெரிய நீலம் கலந்து பூசுவர். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் இயல்பை அடைகிறது. வடநாட்டாரும் தீபாவளிக்கு முன் வீட்டை வெள்ளையடிப்பது மரபாதலின், அண்டை வீட்டாரிடம் ஏணியும் மட்டையும் இரவல் பெற்று, பதிலுக்கு நம் வீட்டு முறுக்கை அவர்க்கு அளித்து நட்புறவு வளர்த்தவர் பலர்.

நவராத்திரிக் கொலுப்படி வேறொரு கைவேலை. ஒற்றைப்படையாக ஐந்தோ ஏழோ படி அமைக்க வேண்டும். அரசாங்கக் குடியிருப்பின் சிற்றறையில் தச்சரைக் கொண்டு படி செய்வதற்கு இடமுமில்லை, பொருளுமில்லை. இடமாற்றந்தோறும் உடன் வந்த தகரப் பெட்டிகளே படிகளாயின. அவற்றின்மேல் பலகை, பலகையின்மேல் வெளுத்த வேட்டி. கீழே தாம்பாளத்தில் மண் பரப்பிக் கடுகும் வெந்தயமும் தூவினால் சில நாளில் பசும்பூங்கா முளைக்கும். பண்ணுருட்டிப் பொம்மைக்கும் காஞ்சிபுரப் பொம்மைக்கும் அருகே வங்கத்துக் கிருஷ்ணநகர்ப் பொம்மையும், கன்னட நாட்டுச் சென்னபட்டணத்து மரப்பொம்மையும் இடம்பெற்றன. பணி நிமித்தம் குடும்பம் சென்ற ஊர்களின் வரலாறு படியில் ஏறி அமர்ந்திருந்தது எனலாம்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 1890-இல் ஆலைக்கு வந்த ஞாயிறு, அடுக்களைக்கு வந்ததா?

குக்கரும் மாவரைப்பானும் மிக்சியும் உடலுழைப்பைக் குறைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலை யார் பொறுப்பு என்பதை அவை மாற்றவில்லை. 2019-ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடெங்கும் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என ஆராய்ந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 100-க்கு 81 பேர் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்தனர். ஆடவரில் 100-க்கு 26 பேரே ஈடுபட்டிருந்தனர். அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆடவர் 97 நிமிடமும் செலவிட்டனர். ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! அலுவலகம் செல்லும் மகளிர் பெருகிய இக்காலத்திலும், பலர்க்கு ஞாயிறு என்பது ஆறு நாள் தேங்கிய வேலையைத் தீர்க்கும் நாளாகவே இருக்கிறது. குடும்பத்தலைவர் விரும்பிய சிற்றுண்டியைக் கேட்கும் நாளும் அதுவே.

வீட்டுக் கைவேலைகளிலும் ஒரு வேறுபாட்டை நாம் காணத் தவறலாகாது. அலமாரி செய்தலும் குளிரூட்டிக்கு வண்ணம் பூசுதலும் ஆண்டுக்கு ஒருமுறை வருவன. முடிந்ததும் பலர் பாராட்டுவர். பாத்திரம் துலக்குதலும் மாவரைத்தலும் துணி மடித்தலும் முடிவற்றன. செய்தால் யாரும் காணார், செய்யாவிடில் எல்லாரும் காண்பர். முன்னவற்றை ஆடவரும் பின்னவற்றைப் பெண்டிரும் செய்வதே பகிர்வு என்று கொண்டால், அது நிறை தெரியாத தராசு. காந்தியடிகள் புகழ்ந்த தையற் பொறியின் உட்கருத்து, மனைவியின் துன்பத்தைக் கணவன் கண்திறந்து கண்டான் என்பதே. பொறியை நாம் கடையில் வாங்கலாம். கண்ணை வாங்க முடியாது.

இதனைச் சீர்செய்யும் வாய்ப்பு, ஊரைவிட்டு வந்த இளங்குடும்பங்களுக்குப் பிறரைவிட மிகுதியாக உண்டு. பழக்கம் என்று காட்டித் தடுக்கும் பெரியோர் அருகில் இல்லை. தனித்து வாழ்ந்த நாட்களில் சமைத்துப் பழகிய ஆடவர் நம்மிடையே நிரம்ப உள்ளனர். மணமானபின் அக்கலையை அவர்கள் ஏன் மறக்க வேண்டும்? ஞாயிறு வேலைகளை ஒரு தாளில் எழுதி, அடிக்கடி வரும் வேலை, அரிதாக வரும் வேலை என இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் இருவரும் பங்கு கொள்ளலாம். மகன் மாவரைக்கட்டும், மகள் சுத்தியலைப் பிடிக்கட்டும். அரைநாளேனும் வீட்டில் எல்லாரும் ஒருங்கே ஓய்ந்திருக்கட்டும்.

இதில் மொழியின் நலமும் அடங்கியுள்ளது. குழந்தைகள் பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ ஆங்கிலமோ பேசுகின்றனர். வீட்டில் தமிழ் பேசினும் உண், உறங்கு, படி என்ற சில சொற்களோடு அது குறுகிவிடுகிறது. உரல், குழவி, முறம், சல்லடை, அரிவாள்மணை, உளி, இழைப்புளி, நூல்கண்டு, தையல், விளிம்பு, மூட்டு என்ற சொற்கள் ஏட்டில் கற்றால் நில்லா. அப்பொருளைக் கையில் எடுத்தால் நிற்கும். இழைப்புளியைப் பிடித்து, மெல்லத் தள்ளு, இழை போகும் போக்கிலே தள்ளு என்று தந்தை சொல்லும்போது, சிறுவன் மரவேலையையும் தமிழையும் ஒருங்கே கற்கிறான். வேலையின் நடுவே, இதனை உன் பாட்டி எப்படிச் செய்தார் தெரியுமா என்று அன்னை தொடங்கும் பேச்சில், அக்குழந்தை காணாத ஊர் அதன் உள்ளத்தில் இடம்பெறுகிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். சிறு வேலைகள் வாரந்தோறும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் குணத்தை வடிக்கின்றன. இன்று வேண்டிய பொருளெல்லாம் ஒரு நாளில் வாயிலுக்கு வந்து சேர்கிறது. அரைத்த மாவும் அவ்வாறே வருகிறது. வசதியை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வசதியால் மிச்சமான நேரம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பம்பாயின் பஞ்சாலை மக்கள் போராடிப் பெற்ற ஞாயிறு, நம் இல்லத்தில் கணவனுக்கு முழுமையாகவும் மனைவிக்குக் கால்பங்காகவும் பங்கிடப்படுமாயின், அவர்கள் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. வரும் ஞாயிறு முதல் அதனை நம் வீட்டில் நாம் முடித்து வைப்போம்.